வெட்டுமேசைப் பிள்ளையார்

அந்தத் தெருவில் தையல்காரி தைத்துக் கொடுத்த உடை எதுவும் அளவெடுத்த ஆளுக்கு அன்றைக்குப் பொருந்தியதே கிடையாது. ஒன்று தொளதொளவென்று தொங்கும், இல்லை கை நுழையாது, இல்லை முழங்காலுக்கு மேலே ஏறிக்கொண்டு நிற்கும். ஆனாலும் அவளிடம் துணி கொடுப்பதை யாரும் நிறுத்தவில்லை. அந்த உடை என்றைக்கு உண்மையிலேயே தேவைப்படுமோ அன்றைக்கு, போடுகிறவரின் உடம்பு எப்படி இருக்குமோ அதற்கேற்ப, அது கச்சிதமாக உட்காரும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். தெருக்காரர்களுக்குச் சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. மழை வரும் என்று வானொலியில் சொன்னால் வராமல் போகலாம், தையல்காரியின் சட்டை தப்பாது. அது அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட விஷயம், அதைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்தும் போயிருந்தார்கள்.

காரணம் ஒரு பிள்ளையார். சின்னவர்தான், உள்ளங்கையில் அடங்கிவிடுவார். ஆனால் தூக்கினால் மணிக்கட்டு இறங்கிவிடும். தையல்காரியின் கணவன் வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தான். தண்ணீர்க் குழாய், கதவுக் கைப்பிடி, பூட்டு, இப்படித்தான் அங்கே பெரும்பாலும் வார்ப்பார்கள். யாராவது கேட்டால் எப்போதாவது ஒரு சிலையும் உண்டு. மெழுகில் உருவம் பிடித்து, மேலே களிமண் பூசிக் காய வைத்து, சூடு காட்டி மெழுகை வடித்துவிட்டு, மெழுகு இருந்த இடத்தில் உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். இந்தப் பிள்ளையாரை ஊற்றும்போது வயிற்றுப் பக்கம் களிமண் விரிசல் விட்டுவிட்டது. மண்ணை உடைத்துப் பார்த்தால், மெழுகில் பிடித்ததைவிட ஒன்றரைப் பங்கு தொப்பையோடு அவர் வெளியே வந்தார். அதிகமாக இருப்பதை அரத்தால் ராவிச் சரிசெய்யச் சொன்னார் பட்டறை முதலாளி. வார்ப்புக்காரன் அரத்தைக் கையில் எடுத்தான், கொஞ்ச நேரம் அந்தத் தொப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு அரத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"நல்லா சாப்பிட்டுட்டு நிம்மதியா உக்காந்திருக்காருங்க. அவரைப் போட்டு எதுக்கு ராவணும்?"

"அப்ப நீயே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ" என்றார் முதலாளி. அவர் கோபமாகத்தான் சொன்னார். வார்ப்புக்காரன் அதைப் பரிசாக எடுத்துக்கொண்டு, துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தான். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புது மனைவி பிள்ளையாரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் தையல் கண்.

"இவருக்குச் சட்டை தைக்கணும்னா ரெண்டு பங்கு துணி வேணும்" என்றாள்.

"நல்லவேளை, அவர் சட்டை போடுறதில்ல" என்றான் அவன். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்புகளில் அது ஒன்று. பிள்ளையார் அலமாரியின் மேல்தட்டில் குடியேறினார்.

அங்கிருந்து அவர் வெட்டுமேசைக்கு இறங்கி வந்தது ஒரு மின்விசிறியால். வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் தையல் மெஷின், நடுவில் பழைய கதவு ஒன்றைக் கால்கள்மேல் கிடத்திச் செய்த வெட்டுமேசை, தலைக்குமேல் மின்விசிறி. வெயில் காலத்தில் விசிறியை நிறுத்தினால் வியர்வை துணியில் சொட்டும், ஓட விட்டால் துணி பறக்கும். துணி நகராமல் இருக்க ஒரு பழைய எடைக்கல்லை மேலே வைத்துக்கொண்டிருந்தாள். அது ஒருநாள் வெள்ளைத் துணியில் துருக்கறையைப் பதித்துவிட்டது, துணிக்குச் சொந்தக்காரி தெருவே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டுவிட்டுப் போனாள். அடுத்த துணி வழுவழு துணி. தையல்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள், அலமாரியிலிருந்து பிள்ளையாரை எடுத்தாள், "கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோங்க சாமி" என்று துணியின் ஓரத்தில் வைத்தாள். துணி இம்மியும் நகரவில்லை. அன்றிலிருந்து அதுதான் அவர் இடம். சாமியை எடைக்கல் ஆக்கிவிட்டாயே என்று கேட்டவர்கள் உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரு கை உதவட்டுமே என்று அவள் பதில் சொல்வாள். கேட்டவர்களும் தங்கள் துணியை அங்கேயே கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

தையல்காரிக்குத் தொழிலில் ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. பத்தாத துணியில் கத்தரி வைக்க மாட்டாள். யார் துணி கொண்டு வந்தாலும் முதலில் மேசைமேல் விரித்து, சாண் போட்டுப் பார்ப்பாள். குறைந்தால் அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "பத்தாதுங்க. இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க." எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்று கெஞ்சுகிறவர்களிடம், துணியை அட்ஜஸ்ட் பண்ணலாம், உடம்பைக் கொண்டுபோய் எங்கே வைப்பீர்கள் என்று கேட்பாள். சொந்த நாத்தனாருக்கே சோஃபா உறை தைக்கத் துணி குறைந்தது என்று திருப்பி அனுப்பியவள் அவள். இப்படி நாள் முழுக்க அவள் சொல்வதையெல்லாம் அந்த அகலக் காதுக்காரர் மேசைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் அளவு தப்பியது பேக்கரிக்காரரின் மகளுக்கு வெட்டிய கவுன். சாக்குக் கட்டியால் கோடு ஒரு பக்கம் போட்டிருந்தாள், கத்தரி இன்னொரு பக்கம் போனது. இழுத்துப் பிடித்தாலும் வீட்டுக்குத் திரும்பும் மாடு மாதிரி அது தன் வழியிலேயே நடந்தது. தைத்து முடித்தால் கவுன் தரையைப் பெருக்கியது. பேக்கரிக்காரரின் மனைவி கண்டபடி பேசிவிட்டு எடுத்துப் போனாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குள் அந்தப் பெண் கிடுகிடுவென்று வளர்ந்து, கவுன் கணுக்காலில் வந்து நின்றது. பிறகு வங்கி குமாஸ்தாவின் கால்சட்டை. இடுப்பில் ஏறவே இல்லை, அவர் மூச்சைப் பிடித்துப் பார்த்தும் பலனில்லை. அதற்கப்புறம் எங்கிருந்தோ ஒரு நாய் வந்து அவர் வேலைக்குப் போகும் வழியில் தினமும் துரத்த ஆரம்பித்தது. பதவி உயர்வு வந்த அன்று கால்சட்டை வழுக்கிக்கொண்டு ஏறியது, நாயும் துரத்துவதை நிறுத்திக்கொண்டது. போட்டோக்காரரின் விதவை மனைவி சாதாரணமாக ஒரு கவுன் கேட்டாள், வயிற்றுப் பக்கம் தாராளமாக வந்தது. அவள் முகம் சிவந்து அதைப் பெட்டியின் அடியில் போட்டாள். மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்ட பிறகு அதை வெளியே எடுத்தாள், அவர்களுடைய பையன் இப்போது அந்த மருந்துக்கடையில்தான் உட்காருகிறான்.

இதற்குப் பிறகு சிலர், குழந்தை எவ்வளவு உயரம் வளரும், மாப்பிள்ளைக்கு எப்போது தொப்பை விழும் என்று தெரிந்துகொள்வதற்காகவே துணி கொண்டு வந்தார்கள். "போட்டுக்கத் துணி வேணும்னா குடுங்க, இங்க ஜோசியம் பாக்குறதில்ல" என்று அவள் விரட்டிவிட்டாள். அளவு எடுப்பதை மட்டும் விடவில்லை. எடுத்து என்ன பிரயோசனம் என்று கணவன் கேட்டான். வந்தவரைத் தொட்டு நாலு வார்த்தை பேசாமல் அனுப்புவது எப்படி என்றாள்.

ஓய்வு பெற்ற தபால்காரர் வந்தது ஒரு முற்பகலில். அந்த வட்டாரத்தில் அவர் ஏறாத படி இல்லை. நல்லதும் கெட்டதுமாக எல்லா வீட்டுச் செய்தியையும் சுமந்தவர், ஒன்றையும் வெளியே விட்டதில்லை. வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு போட்ட துணி கொண்டு வந்திருந்தார்.

"தாராளமாவே வாங்கிட்டேன்மா. நீ திருப்பி அனுப்பிடுவியோன்னு பயம்" என்றார்.

துணி உண்மையிலேயே தாராளம், இரண்டு சட்டை தைக்கலாம். அவள் விரித்தாள், பிள்ளையாரை வைத்தாள், கோடு போட்டு வெட்டினாள். கத்தரி ஓடியது, சரக் சரக் என்று சத்தமும் வந்தது. திரும்பிப் பார்த்தால் துணி முழுசாகக் கிடந்தது. கத்தரி போன வழி, கையால் கிழித்த தண்ணீர் மாதிரி, பின்னாலேயே மூடிக்கொண்டது. அவள் வேறு கத்தரியை எடுத்தாள், மறுபக்கமிருந்து வெட்டிப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த தபால்காரருக்கு அவளுக்கு முன்னால் புரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் உறையைப் பார்த்தே உள்ளே இருக்கும் செய்தியைத் தெரிந்துகொண்ட மனிதர்.

"விடும்மா. பழைய சட்டையே நல்லாத்தான் இருக்கு. உனக்கு ஜன்னல்ல வெயில் அடிக்குது பாரு, இதத் திரையாப் போட்டுக்க."

அவள் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்திவிட்டு, வார்ப்புக்காரனைப் பற்றி விசாரித்தார், தேநீர் நன்றாக இருக்கிறது என்றார், மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார். அந்த வாரத்திலேயே ஒருநாள் மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தையல்காரி அந்தத் துணியை வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே ஜன்னலில் கட்டினாள். காலை வெயில் அதன் வழியாக வந்து மேசைமேல் நீலக் கோடுகளாக விழும். துணி வெட்டாவிட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கணவனிடம் மட்டும் சொன்னாள்.

பல வருஷம் கழித்து வார்ப்புக்காரன் இளைக்க ஆரம்பித்தான். முதலில் உலைச் சூடு என்றார்கள், பிறகு அல்சர் என்றார்கள், கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பிழைப்பானா என்று தையல்காரி கேட்டதற்கு டாக்டர், பார்க்கலாம் என்றார். நல்ல டாக்டர்தான், பொய் சொல்ல வராது, அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் வார்ப்புக்காரன் அவளை வெளியே நிற்க வைத்துவிட்டு ஜவுளிக்கடைக்குள் போனான், செங்கல் நிறத்தில் சட்டைத் துணி வாங்கிக்கொண்டு வந்தான்.

"ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வர்றப்ப புதுசு போட்டுக்கிட்டு வரணும். தைச்சு வை" என்றான்.

அவள் துணியை வாங்கி அலமாரியில் வைத்தாள். அந்த நிறத்தில் நூல் இல்லை என்றாள். நூல் வந்ததும் மெஷின் பெல்ட் சரியில்லை என்றாள். பெல்ட் மாற்றியதும் பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்து கிடக்கின்றன என்றாள். சொன்ன நாளில் தைத்துக் கொடுக்காமல் ஒரு நாளும் இருந்தவள் இல்லை, இந்த ஒரு சட்டைக்கு மட்டும் அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. அவன் அவசரப்படுத்தவும் இல்லை. அவனுக்கும் தெரியும், அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று. தெரிந்துதான் துணி வாங்கினானா என்றால், அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ஆபரேஷன் நெருங்கிவிட்டது. ஒரு மத்தியானம் அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் கடைக் கதவைச் சாத்திவிட்டுத் துணியை எடுத்தாள். பிள்ளையார் இல்லாமலேயே வெட்டிவிடலாம் என்று முதலில் நினைத்தாள். அவரைத் தூக்கி அலமாரியில் வைத்தும் விட்டாள். ஆனால் அவர் இல்லாமல் வெட்டினால் அது இன்றைய உடம்புக்கு மட்டுமான சட்டை, எலும்பும் தோலுமாக உள்ளே படுத்திருக்கிற உடம்புக்கு. அவள் திரும்பப் போய் அவரை எடுத்து வந்தாள். துணியைச் சரியாக விரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேலே அவரை வைத்தாள், ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை, வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. கத்தரியை வைத்தாள்.

கத்தரி ஓடியது. துணி பின்னாலேயே மூடிக்கொண்டது.

அவள் இன்னொரு முறை வெட்டினாள். மறுபக்கமிருந்து வெட்டினாள். நுனியில் ஒரு நூலளவாவது பிரிகிறதா என்று பார்த்தாள். பிறகு துணியை மடித்து, அலமாரியில் எல்லாத் துணிக்கும் அடியில் செருகிவிட்டு, அடுக்களைக்குப் போய்த் தேநீர் போட்டாள். அவன் எழுந்து வந்து உட்கார்ந்ததும் தலை வாரிவிட்டாள். தம்ளரை ஆற்றிக் கொடுத்தாள். போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டாள். அவன் அவளையே பார்த்தான்.

"என்ன, இன்னிக்கு மரியாதை ஜாஸ்தியா இருக்கு" என்றான். "துணி வெட்டலையா?" என்று கேட்டான், பால் வரலையா என்று கேட்பது போல.

அவள் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவால்ல விடு. பழைய சட்டையே..."

அவன் முடிப்பதற்குள் அவள் அவன் வாயைக் கையால் பொத்திவிட்டாள். அந்த வார்த்தையை இன்னொரு முறை கேட்க அவளால் முடியாது.

மறுநாள் நாத்தனார் வந்தாள். வார்ப்புக்காரனின் அக்கா, பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடியே, டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். வருஷக்கணக்காக "உள்ள போங்க, உள்ள போங்க, இடம் இருக்கு" என்று கத்திக் கத்தி, அவள் ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை கேட்கும். எந்தப் பஸ்ஸும் நிரம்பிவிட்டது என்று அவள் ஒப்புக்கொண்டதில்லை. வந்ததும் வராததுமாகத் தம்பியின் கன்னத்தைத் தடவினாள், திட்டினாள், படுக்க அனுப்பினாள். பிறகு முன்னறைக்கு வந்து, புதுச் சட்டை எங்கே, காட்டு என்றாள்.

தையல்காரி உடைந்துபோனாள். தபால்காரர் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் முக்காலியில் உட்கார்ந்து கேட்டாள். அவள் முகமும் ஒரு நிமிஷம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் அழவில்லை.

"துணிய எடு" என்றாள்.

"வேணாம் அண்ணி."

"எடுங்கிறேன்ல. என் தம்பி துணி, நான் பாக்கக் கூடாதா?"

தையல்காரி எடுத்து வந்து மேசைமேல் போட்டாள். நாத்தனாருக்குத் தையல் தெரியாது, பொத்தான் தைத்தால் பொத்தான் கையோடு வந்துவிடும். ஆனால் ஏறுகிற ஆளைப் பார்த்ததும் எத்தனை இடம் பிடிப்பான் என்று கணக்குப் போட்டுப் பழகிய கண் அவளுக்கு. துணியை இழுத்து நீளமும் அகலமுமாக விரித்தாள். நின்று பார்த்தாள்.

"இது என்னடி, கைக்குட்டை மாதிரி இருக்கு?"

"அவரே போய் வாங்கினாரு. இப்ப இருக்கிற உடம்புக்கு இது போதும்னு..."

"இப்ப இருக்கிற உடம்புக்கு இவரு எப்பத் தைச்சாரு?" என்று நாத்தனார் பிள்ளையாரைக் காட்டினாள். "என் சோஃபாத் துணிய என்ன சொல்லித் திருப்பிக் குடுத்த, ஞாபகம் இருக்கா?"

தையல்காரி துணியைத் திரும்பப் பார்த்தாள்.

"பத்தாத துணியில கத்தரி வைக்க மாட்டேன்னு சொன்னியா இல்லையா? அதத்தான் இவரும் சொல்றாரு. இத்தன வருஷம் உன் மேசையில உக்காந்து தொழில் கத்துக்கிட்டாரு. துணி பத்தலடி. வேற ஒண்ணும் இல்ல."

தையல்காரி துணியின்மேல் சாண் வைத்தாள். வாழ்நாள் முழுக்க யார் துணி வந்தாலும் முதல் காரியமாகச் செய்ததை, தன் புருஷன் துணிக்கு மட்டும் செய்யாமல் விட்டிருந்தாள். ஒல்லியான ஒருவனுக்குச் சட்டைக்கு ஆகும், அதுவும் இழுத்துப் பிடித்தால். கொஞ்சம் சதை போட்ட ஆளுக்குக்கூடக் காணாது. அவளுக்கு நம்பவும் பயமாக இருந்தது, நம்பாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

"கடைக்குப் போய் இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வர்றேன்" என்றாள்.

"கடைக்குப் போற வரைக்கும் என்னால தாங்க முடியாது." நாத்தனார் சுற்றிப் பார்த்தாள், நேராக ஜன்னலுக்குப் போய்த் திரையை அவிழ்த்தாள். "இதையும் சேத்துப் போடு."

"அண்ணி, அது தபால்காரர் துணி. அது வெட்டாது."

"அவருக்கு வெட்டல. என் தம்பிக்கு வெட்டாதுன்னு யாரு சொன்னா?"

இரண்டு துணியும் மேசைமேல் பக்கம் பக்கமாகக் கிடந்தன, செங்கல் நிறமும், வெயிலில் லேசாக வெளுத்திருந்த நீலக் கோடும். இரண்டும் சேருகிற இடத்தில் பிள்ளையாரை வைத்தார்கள். தையல்காரி கத்தரியை எடுத்தாள். நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், பஸ் திரும்பும்போது கிழவிகளைப் பிடித்துக்கொள்கிற பிடி அது.

கத்தரி செங்கல் நிறத்தில் நுழைந்தது, வளைந்தது, ஓரம் தாண்டி நீலக் கோட்டுக்குள் போனது, அங்கே நெடுந்தூரம் ஓடி, திரும்பி வந்தது. பின்னால் துணி பிரிந்து இரண்டாகக் கிடந்தது. பிரிந்த துணியைத் தையல்காரி தொட்டுப் பார்த்தாள், வெட்டுவாயில் நூல் பிசிர் கையில் குத்தியது. அவள் மேசைமேல் தலையைச் சாய்த்து விசும்பி விசும்பி அழுதாள். இப்போதுதான் நாத்தனாரும் அழுதாள், அவள் அழுதது தெருமுனை வரை கேட்டது. சத்தம் கேட்டு வார்ப்புக்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றான். மேசையைப் பார்த்தான்.

"வெட்டிருச்சா?" என்றான்.

"வெட்டிருச்சு" என்றாள் அவள்.

"அப்ப டீ போடு" என்றான்.

தைத்து முடித்த சட்டையை அவன் போட்டுப் பார்த்தபோது, கொடிக்கம்பத்தில் கூடாரத்தை மாட்டியது போல இருந்தது. வயிற்றுப் பக்கம் மட்டும் இன்னொரு ஆள் புகலாம். முன்பக்கம் செங்கல் நிறம், முதுகும் கைகளும் நீலக் கோடு. நாத்தனார் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உள்ள இடம் இருக்கு, உள்ள போங்க" என்றாள். வலியையும் மறந்து அவன் சிரித்தான்.

ஆபரேஷனில் வயிற்றில் பாதியை எடுத்துவிட்டார்கள். டாக்டர் வெளியே வந்து, இனி பயமில்லை, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும், சதை போடுவது கஷ்டம் என்றார். சட்டையைத் தைத்து வைத்திருந்த தையல்காரி சரிங்க டாக்டர் என்று தலையாட்டினாள், எதிர்த்துப் பேசவில்லை. அந்தச் சட்டையில் அவன் தெருவுக்குள் நுழைந்தபோது ஜனங்கள் வீட்டுக்கு வீடு வெளியே வந்தார்கள். நோயாளியை யாரும் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய சட்டைக்கு என்ன அர்த்தம் என்று அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். வங்கி குமாஸ்தா அந்த வயிற்றுப் பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பேக்கரிக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். தபால்காரரின் மகள் முதுகுப்பக்கத்து நீலக் கோட்டைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஜன்னல் காலியாகிவிட்டது. காலையில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்போதெல்லாம் தையல்காரி, "எங்க இருந்தாலும் நல்லா இருங்க ஐயா" என்று சொல்லிவிட்டுத்தான் மெஷினை மிதிப்பாள். கொஞ்ச நாளில் அந்த ஜன்னலில் மருந்துக்கடைக்காரரின் மனைவி ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து கட்டினாள், யாருக்காவது பத்தாமல் போனால் எடுத்துக்கொள்ளட்டும் என்று. பிறகு ஆளாளுக்குக் கட்ட ஆரம்பித்தார்கள். எடுக்க எடுக்க யாராவது கட்டினார்கள். இன்றைக்கும் அந்தத் தெருவில் முன்பக்கம் ஒரு நிறம், முதுகு ஒரு நிறமாகச் சட்டை போட்டவர்களைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் அதைப் புது ஃபேஷன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வார்ப்புக்காரன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டான். காலையிலிருந்து படுக்கப் போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டான். மறுபடி பட்டறைக்குப் போனான், உலைப் பக்கம் விடாமல் அவனை மெழுகு வேலையில் உட்கார வைத்தார்கள். வருஷா வருஷம் அந்தச் சட்டையில் ஒரு மடிப்பு குறைந்தது. சுருட்டிவிட்டிருந்த கை இறங்கியது, தோள் நிறைந்தது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் புதுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். நாத்தனார் பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றாள், நடுவில் வீடு வெள்ளையடிக்கப்பட்டது, மெஷின் ஒன்று மாறியது.

பிறகு ஒரு காலையில், நூல் வாங்கக் கடைக்குப் போக இருவரும் கிளம்பியபோது, அவன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். தோள் தோளில் இருந்தது, கை மணிக்கட்டில் முடிந்தது, வயிற்றுப் பக்கம் பொத்தான் இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. மேசைமேல் இருப்பவருக்கும் அவனுக்கும் பக்கவாட்டில் பார்த்தால் வித்தியாசம் கொஞ்சம்தான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த நாளுக்குத்தானா அந்தச் சட்டை வெட்டப்பட்டது? விசேஷம் ஒன்றும் இல்லை, நூல்கடை வரைக்கும் ஒரு நடை. இதற்காகவா பிள்ளையார் அன்றைக்கு அத்தனை துணி கேட்டார் என்று நினைத்ததும் அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. கூடவே பழைய பயமும் லேசாக எட்டிப் பார்த்தது. பொருந்திவிட்டது, சரி, இனிமேல்?

நூல் வாங்கிவிட்டுத் திரும்பும்போது அவனை வெளியே நிற்க வைத்துவிட்டு ஜவுளிக்கடைக்குள் போனாள்.

"எவ்வளவு கிழிக்கட்டும்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"தெரியாதுங்க. தாராளமாக் கிழிங்க."

வீட்டுக்கு வந்து அவன் உள்ளே போய் உட்கார்ந்தான். அவள் துணியை விரித்தாள், சாண் போட்டாள், போதும், மிஞ்சும். பிள்ளையாரை அதன்மேல் வைத்தாள். விசிறி ஓடியது, துணி நகரவில்லை.

"வெட்டிருச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

கத்தரி தன் வழியில் போய்க்கொண்டிருந்தது, பின்னால் துணி பிரிந்துகொண்டே வந்தது. எங்கே போகிறது என்று அவள் பார்க்கவில்லை.

"டீ போட்டுட்டு வர்றேன் இருங்க" என்றாள்.